கட்டிலை விட்டோம், தட்டையும் விட்டோம்

சென்னை மாநகராட்சியின் பட்ஜெட் வெளியாகும் நாளில் நான் முதலில் புரட்டுவது சுகாதாரத் துறைப் பக்கத்தைத்தான். அதிலும், கட்டடத்துக்கு எவ்வளவு, வீடு வீடாகப் போகிற ஆட்களுக்கு எவ்வளவு என்று தேடுவேன். முதலாவது பளிச்சென்று கண்ணில் படும். இரண்டாவதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டு பதிக்கலாம். வெயிலில் சந்து சந்தாக அலைகிற ஹெல்த் விசிட்டருக்கு எங்கே ரிப்பன் கட்டுவது?

இந்தக் கணக்கை இந்த ஊர் ஒருமுறை சரியாகப் போட்டிருக்கிறது. என் ஆதங்கத்துக்குக் காரணமே அதுதான்.

ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, வேளாவேளைக்குச் சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரம் அருகே தொடங்கியது அப்படி ஒன்றுதான். மின்சார ரயில் இன்றும் அந்தப் பெயரில் ஒரு ஸ்டேஷனில் நின்று போகிறது. ஆனால் நாடு முழுக்க நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். இன்னும் எத்தனை சானடோரியம் கட்டினாலும் எட்டாத கணக்கு. 1950களில் ஐசோநியாசிட் போன்ற மருந்துகள் கைக்கு வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது: நோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன?

அதற்கு விடை தேட 1956இல் நான்கு தரப்புகள் சென்னையில் கைகோத்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். சேத்துப்பட்டில் ஆய்வு மையம் தொடங்கியது. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து.

வீட்டிலிருந்தவர்கள் வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். அதோடு விடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஹெல்த் விசிட்டர் வாசலில் வந்து நிற்பார். மீதமிருக்கும் மாத்திரையை எண்ணிப் பார்ப்பார். சிறுநீரை வாங்கிச் சோதித்து, மருந்து உண்மையிலேயே உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். எட்டுக்கு எட்டு அறையில் ஆறேழு பேர் படுத்துறங்கும் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரோ ஒருவர் விடாமல் வந்து விசாரித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் இந்த ஆய்வின் முதுகெலும்பு என்பேன்.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு சிகிச்சை முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை; தொற்ற வேண்டியது நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொற்றியிருந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் தேவையற்றுப் போனதில் சேத்துப்பட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கிய அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வெளிநாட்டார் போன பிறகும் மையம் நின்றது, ஆட்கள் நின்றார்கள். கூட்டு முயற்சி என்று மேடைதோறும் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. சானடோரியத்துக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. வீட்டுக்காரர்களுக்கு அரைகுறைச் சாப்பாடு, அதோடு வேலை வேறு. அப்படியிருந்தும் குணமானதால், சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்று ஆனது. கிருமி ஒழிவது வரைக்கும் அது சரி. ஆனால் கட்டிலோடு சேர்த்துச் சாப்பாட்டுத் தட்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

அந்தத் தட்டு திரும்பி வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் என்ற ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நம் சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. நோயாளிக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொண்ட பை. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. இப்படி உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகள் சாவிலிருந்து தப்பும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது.

தமிழ்நாடு இதில் பின்தங்கிவிடவில்லை. 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ கைக்கடக்கமான வேலை. நோய் உறுதியானதும் உயரம், எடை பார்க்கிறார்கள். காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு எவ்வளவு வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு, யாரையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா? ஆபத்து என்று தெரிந்தால் உடனே படுக்கை. எடை மெஷினும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் பார்க்கத் தெரிந்த நர்ஸும் போதும். ரிப்பன் வெட்ட இதிலும் ஒன்றும் கிடையாது.

சாப்பாட்டுக்கு என்ன கிடைக்கிறது? மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. நாளுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். டீக்கடையில் ஒரு டீயோடு தீர்ந்துவிடும். 2024 நவம்பரிலிருந்து அது ஆயிரமானது. நல்லது. ஆனால் சித்தாளாகவோ மூட்டை தூக்கியோ பிழைக்கிறவர் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாத வீட்டில், அந்தப் பணம் முதலில் வாடகைக்குத்தான் போகும். அவரைக் குறை சொல்ல முடியாது. தனியார் நிறுவனங்களும் தனிநபர்களும் நோயாளிகளைத் தத்தெடுத்துச் சத்துணவுப் பை கொடுக்கும் ஏற்பாடு 2022இலிருந்து இருக்கிறது. கொடுக்கிற கையைத் தட்டிவிடச் சொல்லவில்லை. ஆனால் மருந்துக்கு இணையான ஒன்றை, யாரோ மனசு வைத்தால் கிடைக்கும், இல்லையென்றால் இல்லை என்று விட்டுவைப்பது எனக்கு ஒப்பவில்லை. மாத்திரையை அப்படி விடுவோமா?

சென்னைக்கு இதைச் செய்ய எல்லாமே கையில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு ரேஷன் கடை இருக்கிறது. மாநகராட்சியே நடத்தும் அம்மா உணவகங்கள் இருக்கின்றன. தனியார் டாக்டரிடம் போகிற நோயாளிகளையும் அரசுத் திட்டத்தோடு இணைக்க 1999இலிருந்து பாடுபடும் ரீச் போன்ற அமைப்பு இருக்கிறது. சேத்துப்பட்டில் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. நோயாளியின் வீட்டு ரேஷனில் சிகிச்சை முடியும் வரை பருப்பும் எண்ணெயும் கூடுதலாகச் சேர்க்க ஓர் அரசாணை போதும். அதை யார் சாப்பிடுகிறார்கள், யாருக்கு எடை ஏறவில்லை என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும். செலவு என்றால் அதுதான் செலவு.

சென்னையில் 200 வார்டுகள் இருக்கின்றன. உங்கள் வார்டு கவுன்சிலரை அடுத்த முறை பார்க்கும்போது, சாக்கடையையும் தெருவிளக்கையும் கேட்டு முடித்த பிறகு, இதையும் கேளுங்கள்: “நம்ம வார்டுல டிபி நோயாளிங்க வீட்டுக்குப் போய்ப் பார்க்க எத்தனை பேர் இருக்காங்க? காலியிடம் எத்தனை?”