ஈ ஓட்ட வேண்டாம், ஈ கட்டலாம்!

வியாபாரம் இல்லாத கடைக்காரரைப் பார்த்து, "ஈ ஓட்டுகிறார்" என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் ஈ கட்டியே குடும்பம் நடத்துகிறவர்கள் உலகத்தில் உண்டு! கென்யாவிலும் தாய்லாந்திலும், ஏன், பக்கத்து இலங்கையிலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஈ கட்டுகிறார்கள். டஜன் கணக்கில் அது மேல்நாடுகளுக்குப் போகிறது. நம் நாட்டில் கல்கத்தாவிலும் இந்தத் தொழில் நடக்கிறது.

இது உயிருள்ள ஈ அல்ல. சின்னஞ்சிறு தூண்டில் முள்ளின்மேல் இறகையும் மயிரையும் நூலால் சுற்றிச் செய்கிற பொய் ஈ. குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் டிரௌட் மீன், தண்ணீரின்மேல் வந்து உட்காரும் பூச்சியைத் தாவிப் பிடித்துத் தின்னும். இந்தப் பொய் ஈ மூழ்காமல் மிதக்கும். மீன் ஏமாந்து கவ்வும்.

"பேரணாம்பட்டில் டிரௌட் மீன் ஏது?" என்று கேட்பீர்கள். இல்லைதான். தமிழ்நாட்டில் அதைப் பார்க்க நீலகிரிக்குப் போக வேண்டும். அங்கேயும் அது வந்தேறி மீன். 1860-களில் பிரான்சிஸ் டே என்ற ராணுவ டாக்டர் கொண்டுவர முயன்று தோற்றார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர்தான் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் அதை நிலைக்க வைத்தார். ஆனால் ஈ கட்டுவதற்கு மீன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆம்பூரில் பனி பெய்வதில்லை. பனி நாட்டுக்காரர் போடுகிற பூட்ஸ் அங்கே தைக்கப்படவில்லையா?

ஈக்களில் அழகு ராணி ஒன்று இருக்கிறது. "ராயல் உல்ப்" என்று பெயர். அதன் பூர்வ கதை வேடிக்கையானது. பழைய ஈ ஒன்றுக்கு மயிலிறகு இழையால் உடம்பு சுற்றுவார்கள். மீன் பல் பட்டால் இழை அறுந்துபோகும். 1878-ல் நியூயார்க்கில் ஜான் ஹெய்லி என்ற தொழிலாளி, அது உறுதியாக இருக்கட்டும் என்று நடு வயிற்றில் சிவப்புப் பட்டு நூலைச் சுற்றினார். பலத்துக்குப் போட்ட கட்டு அழகாக அமைந்துவிட்டது. "ராயல்" பட்டமும் கிடைத்தது! 1930 வாக்கில் லீ உல்ப் என்ற அமெரிக்கர் இதையே மாற்றினார். நைந்துபோகும் இறகுச் சிறகை எடுத்துவிட்டு, விறைப்பான மயிரால் சிறகு வைத்தார். இன்று அந்தச் சிறகுக்குப் பெரும்பாலும் பயன்படுவது வெள்ளைக் கன்றுக்குட்டியின் வால் மயிர்.

இந்த இடத்தில்தான் பேரணாம்பட்டு என் நினைவுக்கு வருகிறது. தோல் வந்து குவிகிற ஊரில் வாலுக்கா பஞ்சம்? பதனிடுவதற்கு முன் பச்சைத் தோலின் வால், காது, கால் ஓரங்களை வெட்டிக் கழிப்பது வழக்கம். அந்தக் கழிவிலிருந்து வெள்ளை வாலைப் பொறுக்க வேண்டும். ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சுண்ணாம்பும் சல்பைடும் பட்ட மயிர் கூழாகிவிடும். அப்புறம் அது சாக்கடைக்குத்தான் லாயக்கு.

அடுத்தது இறகு. முள்ளைச் சுற்றி வட்டமாக நிற்கும் சேவல் கழுத்திறகின் இழைகள்தான் ஈயை மிதக்க வைக்கின்றன. கடையில் தொங்குகிற பிராய்லர் கோழி இதற்கு உதவாது. ஆறு வாரத்தில் கத்திக்குப் போகும் கோழிக்குக் கழுத்தில் என்ன இறகு வளரும்? முற்றிய நாட்டுச் சேவல் வேண்டும். ஆடி மாதத்தில் கிராமத்துச் சாமிகளுக்கு நேர்ந்துவிட்ட சேவல்கள் எத்தனை! கறி குழம்புக்குப் போகிறது. இறகு குப்பைக்குப் போகிறது.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. நம் மலைகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகுப் பொட்டு வைத்ததுபோல ஒரு மினுமினுப்பு இருக்கும். அதற்காகவே தூண்டில்காரர்கள் ஆசைப்பட்டார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் வரும்வரை அந்தப் பறவை வேட்டையாடப்பட்டது. அந்தப் பக்கம் நாம் தலைவைக்கவே கூடாது. மயிலிறகையும் ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. ஆகவே உடம்புக்குக் கரும்பச்சைக் கம்பளி நூல் போதும். மீன் கோபித்துக்கொள்ளாது. என்னைக் கேட்டால், இந்த வர்ண ஜாலத்தில் பாதி, கடையில் ஈ வாங்குகிற மனிதனின் கண்ணைப் பிடிப்பதற்குத்தான்!

வேலை கஷ்டமானதல்ல, பொறுமையானது. முள்ளைச் சிறு இடுக்கியில் பிடித்து, மெழுகு தடவிய நூலால் அடிச்சுற்று போட வேண்டும். பின்னால் வால், நடுவில் பச்சை, சிவப்பு, மீண்டும் பச்சை. மயிரை நிமிர்த்தி இரண்டு சிறகாகப் பிரித்துக் கட்டி, இறகைச் சுற்றி, தலையில் முடிச்சிட்டு ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தால் ஈ தயார். நூலின் இறுக்கம் விரலுக்குத் தெரிய வேண்டும். வீட்டுத் திண்ணையில் ஷூ அப்பர் தைக்கிற நம் ஊர்ப் பெண்களுக்கு அதை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஜோடிக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்துக் கூலி வாங்குகிறவர்கள் அவர்கள். ஆர்டர் நின்றால் கூலியும் நின்றுவிடும். பாலாற்று மாசு பற்றி 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, தோலை மட்டும் நம்பிய வீடுகளெல்லாம் கலங்கின. ஈ கட்டுவது லட்சம் பேருக்குச் சோறு போடும் தொழில் என்று நான் புளுகமாட்டேன். தெருவுக்குப் பத்து வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்க உதவலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. நடுவில் ஒரு தரகர் உட்கார்ந்து, ஈயையும் ஜோடிக் கணக்கில் வாங்கி லாபத்தை அவரே விழுங்குவதானால், இந்தத் தொழில் வராமலிருப்பதே மேல். பெண்கள் கூட்டுறவுச் சங்கமோ சுய உதவிக் குழுவோ பொறுப்பேற்று, மாதிரி ஈக்களைக் கட்டி, வாங்குகிறவர்களுக்கு நேராக அனுப்பிப் பார்க்கட்டும். மயிரும் இறகும் கப்பல் ஏறுவதற்குச் சுத்தம் செய்வது, சான்றிதழ் வாங்குவது போன்ற காரியங்களைக் கால்நடைத் துறையினர் சொல்லிக் கொடுக்கலாம். சிவப்புப் பட்டு நூலுக்கு ஆரணி இருக்கவே இருக்கிறது!