விடுதி மணியும் இளைஞர் மனநோயும்

இருதுருவ மனநோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தில் தலைகாட்டத் தொடங்குகிறது. ஹைதராபாத் நகரில் இப்பருவத்தின் முற்பகுதி, பிள்ளைகள் இன்டர்மீடியட் வகுப்புகளில் படிக்கும் இரண்டு ஆண்டுகளாக அமைகிறது. நகரத்துத் தனியார் உறைவிடக் கல்லூரிகள் பலவற்றில் பொழுது புலருமுன் தொடங்கும் படிப்பு, இரவு நெடுநேரம் வரை நீடிக்கிறது. நோய் தோன்றும் வயதும் உறக்கம் குறையும் வயதும் இவ்வாறு ஒன்றுபடுவதைக் கல்லூரிகளின் உள்விவகாரமாக விட்டுவிடலாகாது. அது சுகாதாரத் துறையின் கவனத்துக்கு உரியது.

வயது வந்த பிள்ளைகள் காலையில் சிரிப்பதும் மாலையில் சினப்பதும் இயல்பே. அதற்கு நோய் என்று பெயரிடுவது பெருந்தவறு. இந்நோயில் மன எழுச்சி பல நாட்கள், பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேலாக, நீடிக்கும், மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பிராது, பேச்சு பெருகும், எட்டாத திட்டங்களும் அடங்காத கோபமும் தோன்றும். வேறொரு காலத்தில் ஆழ்ந்த சோர்வு வாரக்கணக்கில் கவியும். உயிரை மாய்த்துக்கொள்ளும் அபாயம் இதில் மிகுதி.

காரணங்களுள் முதன்மையானது பரம்பரை. ஒரே கருவில் உருவான இரட்டையருள் ஒருவருக்கு நோய் இருப்பின், மற்றவருக்கு வரும் வாய்ப்பு 40 முதல் 70 சதவிகிதம் வரை என்று கணிக்கப்பட்டுள்ளது. எனினும் பெற்றோருள் ஒருவருக்கு நோய் இருந்தாலும், பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேருக்கு அது வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதி உண்மையைச் சொல்லிக் குடும்பத்தை அச்சுறுத்துவதைவிடச் சொல்லாதிருப்பதே மேல்.

ஆனால் குடும்பங்கள் மறைப்பது வேறு காரணத்தால். பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடை வருமே என்று, சித்தப்பாவின் நோயும் பாட்டியின் நோயும் வாய்க்கு வராமலே போகின்றன. இதன் விளைவு சிறிதன்று. இளைஞரிடம் இந்நோய் பல வேளைகளில் முதலில் சோர்வாகவே வெளிப்படும். குடும்ப வரலாறு அறியாத டாக்டர், சோர்வு நீக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அது மன எழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும். வீட்டுக்குச் செல்லும் கள ஊழியர், நம்பிக்கையைப் பெற்றபின் தனிமையில் கேட்டறியும் ஒரு விவரம், பிள்ளையின் சிகிச்சையையே மாற்றக்கூடியது.

பரம்பரையை மாற்ற இயலாது. இளமையில் பட்ட கொடுமையை இல்லையென்றாக்கவும் இயலாது. கஞ்சாப் பழக்கத்தைத் தடுக்கலாம். அதனினும் எளிதாகக் காக்கக்கூடியது உறக்கம். இயல்பிலேயே நாட்டமுள்ளவரிடம், சில இரவுகளின் உறக்கக் குறைவே எழுச்சியைத் தூண்டப் போதுமானது. உறக்கமிழந்தோர் அனைவரும் நோயுறுவதில்லை. ஆனால் யார் நாட்டமுள்ளவர் என்பதை விடுதிக் காப்பாளர் அறிய வழியில்லையாதலால், எல்லோருடைய உறக்கத்தையும் காப்பதே நேரிய முறை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டுமென்பது நிபுணர் முடிவு. 'இரண்டே ஆண்டுகள் பொறுத்தால் போதும்' என்னும் பெற்றோர் வாதம், பொறுக்க வேண்டிய உடல் யாருடையது என்பதை மறந்துவிடுகிறது. தேர்வை மறுமுறை எழுதலாம். இந்நோயோ பெரும்பாலும் ஆயுள் முழுதும் மருந்தும் கண்காணிப்பும் கோருவது.

2015–16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு 12 மாநிலங்களில் நடைபெற்றது. தெலங்கானா அவற்றுள் இல்லை. வயது வந்தோரில் 0.3 சதவிகிதத்தினருக்கு இந்நோய் அப்போது இருந்ததாகவும், அவர்களுள் சுமார் 70 சதவிகிதத்தினர் சிகிச்சை பெறவில்லையென்றும் அது கண்டது. ஹைதராபாத் விடுதிகளைப் பார்வையிடும் அதிகாரிகள் கழிப்பறையையும் சமையற்கூடத்தையும் சோதிப்பதோடு, விளக்கணைக்கும் நேரத்தையும் எழுப்பும் நேரத்தையும் பதிவேட்டில் குறிக்கச் செய்தல் வேண்டும். இதற்குப் புதிய செலவு எதுவுமில்லை.

ஐயத்துக்குரிய மாணவரை எர்ரகட்டா அரசு மனநல மருத்துவ நிலையத்துக்கு அனுப்பலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். பரிந்துரைக் கடிதத்தில் நோயின் பெயரை ஆசிரியர் எழுத வேண்டியதில்லை. மாணவர் எத்தனை இரவுகள், எத்தனை மணி நேரம் உறங்கினார், எந்தத் தேதியிலிருந்து பேச்சும் நடத்தையும் மாறின என்னும் விவரங்கள் டாக்டருக்குப் பெரிதும் உதவும்.