காலணி வீடும் கீரிப்பிள்ளையும்

மும்பை மலபார் குன்றின்மேல் 1952-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற கமலா நேரு பூங்காவில் பெரியதொரு காலணி உண்டு. காலணி என்றால் செருப்பன்று. கணுக்காலுக்கு மேலேறும் பூட்சு. அதனுள் படியேறிச் சென்று, மேலே நின்று குழந்தைகள் கையசைப்பர். காலணிக்குள் குடியிருந்த கிழவி ஒருத்தியைப் பற்றிய ஆங்கில மழலைப்பாட்டே இவ்வமைப்பிற்கு மூலம். கடந்த கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ஒரு பகற்பொழுதை அங்குக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அருகில், 1881-இல் நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பில் எழுப்பப்பெற்ற தொங்கு தோட்டத்தில், விலங்குகளின் வடிவில் கத்தரிக்கப்பெற்ற செடிகளையும் கண்டோம்.

காலணியைக் கண்டவுடன் நம் இளைய மகள் அப்பாட்டை ஆங்கிலத்தில் பிழையறப் பாடினாள். பின்னர், "வாப்பா, கிழவி எங்கே?" என்றாள். பாட்டின்படி அக்கிழவி பிள்ளைகளுக்கு ரொட்டியில்லாக் கஞ்சி ஊற்றி, சாட்டையால் அடித்து உறங்கவைத்தவள். அவள் வீட்டில் இல்லாதது நன்றே எனத் தோன்றிற்று! உடன் வந்திருந்த நம் தாயார் மரநிழலில் அமர்ந்தபடி, "உங்க பள்ளிக்கூடத்துல கீரிப்பிள்ளை கதை சொல்லித் தரலியாம்மா?" என்று பேத்தியைக் கேட்டார்கள். சொல்லித் தரவில்லை.

ஆங்கிலப் பாட்டு வேண்டா என்பது நம் வாதமன்று. கதைகள் எக்காலத்தும் எல்லை கடந்தே வாழ்ந்துள்ளன. மகவைக் காத்த கீரியை, மகவைக் கொன்றதாக எண்ணித் தாயே கொன்றுவிடும் கதை பஞ்சதந்திரத்தில் உள்ளது. அந்நூல் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பகலவி மொழிக்குச் சென்றது. 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அதனைக் 'கலீலா வ திம்னா' என அரபியில் ஆக்கினார். அவ்வழியே அது ஐரோப்பிய மொழிகள் பலவற்றுள் புகுந்தது. வேல்சு நாட்டின் பெட்கெலர்ட் என்னும் சிற்றூரிலும் இதே கதை வழங்குகின்றது. ஆயின் அங்குக் கீரி வேட்டைநாயாகவும், பாம்பு ஓநாயாகவும் மாறிவிட்டன. லிவெலின் என்னும் இளவரசன் தவறாகக் கொன்ற நாயின் கல்லறை இதுவென்று காட்டப்படும் இடத்திற்கு மக்கள் இன்றும் சென்று வருகின்றனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் விடுதி நடத்தியவரே அக்கல்லறையை அமைத்தார் என்பர். ஒரு கதைக்கு ஓர் இடம் தேடித் தந்த அவ்விடுதிக்காரரை நாம் மெச்சுகின்றோம்.

இனித் தமிழுக்கு வருவோம். இக்கதை சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலும் உண்டு. பஞ்சதந்திரத்தில் கீரி மாண்டதோடு, அழுகையோடு, கதை முடிந்துவிடும். இளங்கோவடிகளோ அதற்குப் பின்னும் தொடர்கின்றார். கணவன் அவளைப் பிரிந்து வடதிசை செல்கின்றான். வடமொழி வாசகம் எழுதிய ஏட்டை ஏந்தி அப்பெண் புகார் நகரத்துத் தெருக்களில் அலைகின்றாள். கோவலன் அவளை அழைத்துத் துயர் கேட்டு, தானம் செய்து பழி நீக்கி, கணவனையும் கூட்டிவைத்துப் பொருளும் அளிக்கின்றான். அறியாமற் பிழை செய்தவள் அதன்பின் எங்குச் செல்வாள் என்று கேட்ட உள்ளம் தமிழ்க் காப்பியத்தினுடையது. இப்பகுதி நம் குழந்தைகளைச் சென்றடையாதது பேரிழப்பு எனக் கருதுகின்றோம்.

காப்பியம் கல்லாகவும் சுவராகவும் நிற்கவியலும் என்பதற்குப் பூம்புகாரில் 1973-இல் திறக்கப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடம் சான்று. ஆயினும் அது நின்று நோக்குவார்க்கு உரியது. குழந்தை ஏறவும் நுழையவும் தொடவும் வேண்டும். நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்காவில் 1952 முதல் கதைக்காடு ஒன்று உள்ளது. அங்கே வாய் பிளந்து குப்பைத்தாளைக் கேட்டு விழுங்கும் குண்டன் உருவங்கள் உண்டாம். அதற்கு ஊட்டுவதற்கென்றே குழந்தைகள் தாள் பொறுக்குகின்றனராம்! நாம் கண்ட நம் ஊர்ப் பூங்காக்களிலோ சறுக்குமரமும் ஊஞ்சலும் சிமெண்டு யானையும் உள. அந்த யானைக்குச் சொல்ல ஒரு கதையில்லை.

பெருஞ்செலவு வேண்டுவதில்லை. நம் கல்லூரியின் பின்புறத்து வேம்படி போதும். சுதைவேலை அறிந்தோர் நம் பகுதியில் உளர். வாசகங்களைத் தமிழ்த்துறை மாணவர் எழுதுவர். ஒரு தொட்டில், இறந்த பாம்பு, வாயில் குருதியுடன் கீரி, நம் தாயார் சொல்லும் கதையில் வருவதுபோல் இடுப்பில் நீர்க்குடத்துடன் வாயிலில் நிற்கும் பெண். சற்றுத் தள்ளி, ஏடேந்திய அதே பெண்ணும் எதிரே கோவலனும். ஒன்றே ஒன்றில் கருத்தாக இருத்தல் வேண்டும்: உள்ளே வரும் குழந்தைக்குப் பாம்பு முதலில் தெரியும்படியும், வாயிலில் நிற்பவளுக்குத் தெரியாதபடியும் தொட்டிலை வைக்க வேண்டும்.