பொந்தும் கிளையும்

மெலிந்தவரைத் 'தேவாங்கு' என்று எள்ளுவோர் நம்மில் உண்டு. அவ்வுயிரையும் மேகமலைக் காட்டு இருவாச்சிப் பறவையையும் சற்றே ஒப்பு நோக்குவோம்.

பெண் இருவாச்சி முதுமரப் பொந்தினுள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு துவாரத்தின் வழியே ஆண் பறவை இரையூட்டும். முட்காட்டுத் தேவாங்கோ தாவ இயலாதது. இரவில் கிளைக்குக் கிளை பற்றி மெல்ல நகர்ந்து பூச்சிகளைத் தின்னும். முன்னதற்கு முதுமரமே வீடு. பின்னதற்கு இணைந்த கிளைகளே பாதை.

2021இல் மேகமலை புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. 2022இல் தேவாங்குக்கெனக் கடவூர்ச் சரணாலயம் தோன்றிற்று. ஆயினும் கம்பம் பள்ளத்தாக்கில் நம் தோட்டங்களுக்கு நாமே காவலர். ஏலத்தோட்டத்துப் பொந்து மரத்தைப் பயனற்றதென வெட்டாதிருப்போம், உயிர்வேலியை அறுக்காதிருப்போம், மாந்திரீகத்திற்கெனத் தேவாங்கைப் பிடிப்போரைத் தடுப்போம், அன்பர்களே.