தண்டவாளம் பெயர்ந்தால் யார் நடப்பது?

“ரோடுதான் வந்துவிட்டதே, இனி ரயில் எதற்கு?” என்று கேட்போர் நம்மில் பலர். கேட்பவர் வாசலைப் பாருங்கள். அங்கே மோட்டார் நிற்கும்.

ஜொகூரில் இவ்வாதம் புதிதன்று. மூவாரில், பண்டார் மகாராணியிலிருந்து பாரிட் ஜாவாப் பக்கமாக, 1890இல் ஒரு சிறு ரயில் ஓடத் தொடங்கிற்று. மோட்டார் ரோடுகள் பரவிய 1920களில் அது மூடப்பட்டது. கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை 1909இல் பூர்த்தியான பெரிய பாதையோ மூவாரைத் தொடவேயில்லை. இன்றுவரை அவ்வூருக்கு ரயில் கிடையாது. அண்டையிலிருந்த தம்பின்–மலாக்கா கிளைப் பாதையை ஜப்பானியர் பெயர்த்துச் சயாம் ரயிலுக்குக் கொண்டு போயினர். நமது தோட்டத்து ஆட்களையும் அதற்கே கொண்டு போயினர். 1945இல் யுத்தம் முடிந்தது. மலாக்காப் பாதை மீளவில்லை. பெயர்ந்த தண்டவாளம் தானாகத் திரும்பாது என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ?

மூடுவோர் சொல்லும் காரணம் நஷ்டம். பேரேடு எழுதிப் பிழைக்கும் கிராணிகளாகிய நாம் அதன் குணத்தை அறிவோம். விற்ற டிக்கட் அதில் ஏறும். வண்டியின்றி ஆஸ்பத்திரிக்குப் போகாத கிழவி ஏறமாட்டாள். பள்ளி தூரமென்று படிப்பை நிறுத்திய சிறுமி ஏறமாட்டாள். வேறு வேலை தேட வழியின்றி லயத்திலேயே முடங்கிய வாலிபன் ஏறமாட்டான். ரயிலை நிறுத்தினால் நஷ்டம் ஒழிவதில்லை. சர்க்கார் கணக்கிலிருந்து ஏழை தலைக்கு மாறுகிறது. பஸ் ஓடுமே என்பர். லாபம் குறைந்த அன்றே பஸ்ஸும் நின்றுபோகும்.

நிற்க. பழி சர்க்காருக்கு மட்டுமன்று. இங்கிலீஷ் படித்தவர் நாம். மனு எழுதத் தெரிந்தவரும் நாமே. திருவிழாவுக்குக் கமிட்டி கூட்டிப் பணம் வசூலிக்கும் நாம், ஒரு ஸ்டேஷனைக் காக்க எத்தனை மனு எழுதினோம்? நமக்கு மோட்டார் வந்ததும் லயத்தார் கால்களை மறந்தோம்.

2025 டிசம்பரில் மின்சார விரைவு ரயில் ஜொகூர் பாருவை எட்டிவிட்டது. வரவேற்கிறோம். ஆனால் லாபிஸ், பெக்கோக், பாலோ, ரெங்கம் முதலிய சிற்றூர்களும் அப்பாதையில்தான் இருக்கின்றன. வேகத்தின் பெயராலோ நஷ்டத்தின் பெயராலோ நாளை எவரேனும் அவற்றின்மீது கை வைப்பாராயின், விற்ற டிக்கட்டை மட்டும் எண்ண விடலாகாது. போக முடியாமல் நின்றவர்களையும் எண்ணச் செய்ய வேண்டும். அந்தக் கணக்கை எழுதும் பொறுப்பு பேனா பிடித்த நம்முடையது. மோட்டார் உடையவன் எவ்வழியும் போவான். இல்லாதவனுக்கு ரயிலே வழி.