தொழுவமும் கடைத்தெருவும்

மட்டக்களப்பிலே நத்தார் இப்பொழுதெல்லாம் நவம்பர் மாதத்திலேயே வந்துவிடுகின்றது. அழைத்து வருபவர் குருவானவரல்லர், கடைமுதலாளி. மலிவு விற்பனைப் பதாகைகள், பஞ்சினாற் செய்த பனி, மாரி மழைக்கு நடுவே கம்பளி அங்கிக்குள் வியர்த்து நிற்கும் நத்தார் பாப்பா - பனியைக் கண்டறியாத வாவிக்கரை மக்களுக்கு இவையே பண்டிகையின் இலட்சணங்களாகக் காட்டப்படுகின்றன. சிரித்துவிட்டுப் போய்விடலாந்தான். ஆனால் இதன் முடிவு கடனில் அல்லவா இருக்கின்றது?

மார்கழி எத்தகைய மாதம் என்பதை விளம்பரம் எழுதுவோர் அறியார். படுவான்கரையிலே பெரும்போக நெல் பச்சையாய் நிற்கும் காலம் அது. விதைக்கும் உரத்துக்கும் உழவு இயந்திரத்துக்கும் கொடுத்த காசு கையைவிட்டுப் போயிற்று. தையும் மாசியும் வந்து அறுவடை முடியும்வரை ஒரு சதமும் திரும்பாது. எழுவான்கரையிலோ வாடைக் காற்றிலே கடல் கொந்தளிக்கும். தோணிகள் கரையிற் கிடக்கும். ஆண்டிலேயே கை வரண்ட இந்த மாதத்திலேதான், பிள்ளைக்குப் புத்தாடையும் கேக்கும் விளையாட்டுப் பொருளும் வாங்காத பெற்றோர் அன்பற்றவர் என்று தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஓதுகின்றன. கூலிக்காரத் தாய் என்ன செய்வாள்? காதிலே கிடந்ததை அடகு வைப்பாள்; அதுவும் இல்லையேல் நுண்கடன் கம்பனியிடம் கையொப்பமிடுவாள். இக்கடன்கள் எவ்வளவு தூரம் கழுத்தை நெரித்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. வரட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பட்ட நுண்கடன்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவற்றைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது.

பண்டிகையின் நடுவே விசுவாசத்தை வைக்க வேண்டும் என்று மேடைதோறும் சொல்லக் கேட்கின்றோம். அப்படியாயின் திருச்சபையின் நாட்காட்டியையே எடுத்துப் பார்ப்போம். டிசம்பர் 25க்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். காத்திருத்தலுக்கும் மனமாற்றத்துக்கும் உரியவை. கொண்டாட்டமே 25இல்தான் தொடங்குகின்றது. வியாபாரியின் நத்தாரோ அந்த நாளோடு முடிந்து, மறுநாள் புதுவருட விற்பனையாக வேடம் மாறுகின்றது. ஒன்று முடியும் இடத்திலே மற்றது தொடங்குவதைக் கண்டும், இரண்டையும் ஒரே பண்டிகை என நாம் மயங்குகின்றோம்.

இன்னுமொன்று. 26ஆந் திகதி கல்லெறியுண்டு மாண்ட ஸ்தேவானின் நாள். 28ஆந் திகதி ஏரோது வெட்டுவித்த மாசில்லாக் குழந்தைகளின் நாள். பிறப்பைக் கொண்டாடிய அதே வாரத்திலே கொலையுண்டோரையும் நினைக்கச் செய்தனர் முன்னோர். இந்த அருமையான ஏற்பாட்டைக் கடைத்தெரு அறியாது. அறிந்தாலும் அதை விற்க முடியாது.

மட்டக்களப்பாருக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுமா? 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையிலே கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடியையும், டச்பார், கல்லடிக் கரைகளையும் ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போயிற்று. இலங்கை முழுவதிலும் மாண்டோர் 30,000க்கு மேல். அடுத்த ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலி வேளையிலே, புனித மரியாள் பேராலயத்தினுள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அருகே நின்ற மனைவியும் காயமுற்றார். பதினைந்து ஆண்டுகளின் பின், 2021 ஜனவரியில், வழக்கைத் தொடர்ந்து நடத்தப் போவதில்லை எனச் சட்டமா அதிபர் தரப்பு அறிவித்தது, குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். ஆலயத்தினுள்ளே, அத்தனை பேர் முன்னிலையில், நத்தார் இரவிலே நடந்த கொலைக்கு நீதி கிடைத்த விதம் இது. இவ்வூரின் எந்த நத்தார் மேடையிலாவது இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு நமக்கு நா எழுகின்றதா? 

2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. இறந்தோருட் சிறுவர் பலர். அதன் பின்னர், காத்தான்குடிக் கடைகளிலே பண்டிகைத் துணி வாங்கலாகாது என்று காதோடு காதாகப் பரப்பியவர் உண்டு. கொலைகாரன் ஒருவனின் ஊரவர் என்பதற்காக ஏழைத் தையற்காரனின் வயிற்றில் அடிப்பதற்கு எந்தச் சுவிசேஷம் இடங்கொடுக்கின்றது? கடைகளிலே பணத்தைக் கொட்டாதே என்று சொல்ல நமக்கு நியாயம் உண்டு. இன்ன சமயத்தான் கடையிலே வாங்காதே என்பது விசுவாசமன்று, விரோதம்.

முற்போக்காளருட் சிலர் இதனைச் சமயத்தாரின் வீட்டு விவகாரம் என்று ஒதுக்குவர். அவர்கள் அக்கதையைப் படித்ததில்லை போலும். ரோமப் பேரரசனின் குடிமதிப்புக் கட்டளைக்காக நிறைகர்ப்பிணி ஒருத்தி ஊர்விட்டு ஊர் நடக்கின்றாள். தங்க இடமில்லை, பிள்ளையை மாட்டுத் தீவனத் தொட்டியிலே கிடத்துகின்றாள். முதற் செய்தி போவது அரண்மனைக்கன்று, இராக்காவல் செய்த இடையருக்கு. அந்தத் தாய் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டோ, அதிகாரிகள் வீழ்வதையும் பசித்தோர் நிறைவதையும் பற்றியது. முதலாளி தன் கண்ணாடிப் பெட்டியிலே வைத்து விற்பதற்கு இக்கதையை நாம் எப்படி விட்டுக்கொடுப்பது?

நம் பாடசாலைகளின் ஒளிவிழாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரதம விருந்தினர் வரும்வரை, வானதூதர் வேடமிட்ட பிள்ளைகள் காகிதச் சிறகுகளோடு பசித்து நிற்பர். வந்தவருக்கு மாலை, பொன்னாடை, நீண்ட உரை. வகுப்புகளிலே பரிசுப் பரிமாற்றம் என்று ஒன்று; கொண்டுவர வழியில்லாத பிள்ளை அன்று பாடசாலைக்கே வராது. நாடகமோ மூன்று ஞானிகள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் வைப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஏரோது வந்தாலும் மீசை முறுக்கிச் சிரிப்பு மூட்டவே வருவான், வாளெடுக்கமாட்டான்.

இவ்வாண்டு பரிசுப் பரிமாற்றத்தை ஆசிரியர்களாகிய நாம் நிறுத்திவிடுவோம். குறித்த நேரத்திலே, விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும், திரையை உயர்த்துவோம். ஏரோது வாளெடுக்கட்டும், தாய்மார் அழட்டும், குழந்தையைச் சுமந்துகொண்டு யோசேப்பும் மரியாளும் எகிப்துக்கு அகதிகளாய் ஓடட்டும். முன்வரிசையில் யாரேனும் முகஞ்சுளித்து, நத்தாரிலே இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து அவர் கையிலே கொடுப்போம்.