வழி சொல்லும் கிராணி



தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கின்றார். கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர். மகன் ஐந்தாம் படிவத்தில் படிக்கின்றான். வீட்டில் மூன்று கைப்பேசிகள், மூன்றிலும் இணையம் ஆமை வேகமாம். பட்டணத்துக் கடையில் ஒரு தம்பி, "எட்டு, எட்டு, எட்டு, எட்டு என்று ஒரு நம்பர் போட்டுத் தருகிறேன் அக்கா, பறக்கும்" என்று சொல்லி இருபது வெள்ளி வாங்கிக்கொண்டாராம். பறக்கவில்லை. "அது என்ன எட்டு? போனுக்குள் திருட்டுப் புரோகிராம் வராமல் அது காக்குமா? சம்பளப் பணமெல்லாம் இப்போது அந்தப் போனில்தானே இருக்கிறது?" என்று கேட்கின்றார்.

கடைசிக் கேள்விதான் கேள்வி. இருபது வெள்ளி போனது போனதுதான் சகோதரி. அந்த வேலைக்கு ஒரு காசும் ஆகாது. வீட்டில் உட்கார்ந்து நாமே செய்துகொள்ளலாம். எப்படி என்று பிறகு சொல்கின்றேன். முதலில் அந்த எட்டின் கதையைக் கேளுங்கள்.

தோட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வருகின்றார். ஆபீஸ் வாசலில் நிற்கும் கிராணியிடம், "பால்வெட்டு முனியம்மா வீடு எங்கே?" என்று கேட்கின்றார். "நாலாவது லயம், ஏழாவது வீடு" என்று கிராணி சொல்கின்றார். இணையத்திலும் இதே கதைதான். நாம் பேங்கின் பெயரைத் தட்டுகின்றோம். கைப்பேசிக்குப் பெயரை வைத்துக்கொண்டு போய்ச் சேரத் தெரியாது, எண்தான் வேண்டும். ஆகவே அது முதலில் ஒரு கிராணியிடம் ஓடி, "இந்தப் பெயருக்கு எண் என்ன?" என்று கேட்டு வருகின்றது. அந்தக் கிராணி வேலைக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். 1983-ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் வகுத்த ஏற்பாடு இது. அதற்கு முன் அந்த வலையிலிருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நிலையத்தில் ஒரே பட்டியலாக இருந்தன. கணினிகள் பெருகப் பெருகப் பட்டியல் தாங்கவில்லை.

நாம் மாதாமாதம் பணம் கட்டுகின்ற தொலைபேசிக் கம்பெனி தன் கிராணியை நம் கைப்பேசிக்கு வைத்திருக்கும். அவரை மாற்றிக்கொள்ள நமக்கு வழி உண்டு. கடைத் தம்பி போட்ட 8.8.8.8, கூகுள் நிறுவனம் 2009 டிசம்பரில் இலவசமாக வைத்த கிராணியின் எண்.

அவரை வைத்தால் வேகம் கூடுமா? கிராணி வழி சொல்வதோடு சரி, மூட்டை தூக்கி வருபவர் வேறு. படமும் பாட்டும் வந்து சேருவது, தோட்டத்துக்குத் தள்ளி நிற்கும் கோபுரத்தையும், நடுவிலுள்ள மேட்டையும், இரவு எட்டு மணிக்கு அதே கோபுரத்தில் எத்தனை வீட்டார் நாடகம் பார்க்கின்றார்கள் என்பதையும் பொறுத்தது. கிராணியை மாற்றினால் கோபுரம் கிட்டே நகர்ந்து வராது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடிவிடும். பெரிய நிறுவனங்கள் ஒரே எண்ணில் பல ஊர்களில் ஆள் வைத்திருப்பதால், நம் கேள்வி பெரும்பாலும் பக்கத்திலுள்ள ஊருக்கே போகும். இவர்களில் யார் வேகம் என்று பார்ப்பது, இரண்டு பேரில் யார் சீக்கிரம் கண் சிமிட்டுகின்றார் என்று பார்ப்பது போலத்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வெகுநேரம் வெள்ளையாகவே நின்று, பிறகு மடமடவென்று வந்து விழுந்தால், கம்பெனிக் கிராணி தூங்குகின்றார் என்று சந்தேகப்படலாம். அப்போது மாற்றினால் பலன் தெரியும்.

வேகத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கின்றது. வழி சொல்பவன் கெட்டவனாக இருந்தால் என்ன ஆகும்?

ஆகியே காட்டியது ஒரு கூட்டம். 2007 முதல் 2011 வரை எஸ்டோனியா நாட்டிலிருந்து ஒரு கும்பல், டிஎன்எஸ் சேஞ்சர் என்ற திருட்டுப் புரோகிராமைப் பரப்பியது. அது கணினியிலிருந்து எதையும் உடனே திருடவில்லை. கிராணியின் எண்ணை மட்டும் சத்தமில்லாமல் மாற்றி, தன் ஆளை அங்கே உட்கார வைத்தது. அமெரிக்க வரி அலுவலகத்தின் பக்கத்தைத் தேடியவர், வரிக் கணக்கு எழுதித் தரும் ஒரு தனியார் கம்பெனியின் பக்கத்தில் போய் நின்றார். விளம்பரக் கூலி கும்பலுக்கு! நச்சு நீக்கும் புரோகிராம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போனால், அதற்கும் வழி அடைக்கப்பட்டது. நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள். கும்பல் சேர்த்தது குறைந்தது 1 கோடியே 40 லட்சம் அமெரிக்க டாலர்.

2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ போலீஸ் கும்பலைப் பிடித்த பிறகுதான் வேடிக்கை. திருட்டுக் கிராணியை உடனே வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை! அனுப்பினால் அத்தனை கணினிகளுக்கும் வழி சொல்ல ஆளில்லாமல் போய்விடும். ஆகவே நீதிமன்ற உத்தரவோடு அந்த இடத்தில் நல்ல கிராணியை உட்கார வைத்து, 2012 ஜூலை 9 வரை சம்பளம் கொடுத்துக் காப்பாற்றினார்கள். கும்பலின் தலைவனுக்கு 2016-இல் ஏழாண்டுக்கு மேல் சிறை.

கெட்டவன் அந்த இடத்தில் உட்கார்ந்தால் இவ்வளவு கேடு என்றால், நல்ல காவலாளியை உட்கார வைத்தால் அவ்வளவுக்கு நன்மையும் உண்டு அல்லவா? "அந்த வீட்டுக்குப் போகாதே, அங்கே திருடன் இருக்கிறான்" என்று சொல்லி வழி காட்ட மறுக்கும் கிராணிகள் இருக்கின்றார்கள். கூகுளின் எட்டு அந்த ரகம் அன்று. அது பொதுவாக எதையும் தடுக்காது, கேட்ட வழியைச் சொல்லிவிடும்.

தடுப்பவர்களில் எனக்குப் பிடித்தது குவாட்9. எண் 9.9.9.9. 2017 நவம்பரில் தொடங்கி, 2021-இல் சுவிட்சர்லாந்துக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட, லாப நோக்கமில்லாத அமைப்பு. பல பாதுகாப்பு நிறுவனங்கள் தரும் திருட்டுப் பக்கங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றின் பெயரைக் கேட்டால் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொல்லிவிடும். பக்கம் திறக்காது, அவ்வளவுதான். கிளவுட்ஃபிளேர் என்ற கம்பெனிக்கு மூன்று கிராணிகள். 2018-இல் வந்த 1.1.1.1 தடுக்காது. 2020-இல் வந்த 1.1.1.2 திருட்டுப் பக்கங்களைத் தடுக்கும்; 1.1.1.3 அதோடு ஆபாசப் பக்கங்களையும் தடுக்கும். கடைசி எண்ணைக் கவனிக்காமல் கடைத் தம்பிகள் ஒன்றையே நான்கு முறை தட்டிவிடுவார்கள். கூட நின்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் கையாளும் கைப்பேசிக்கு 1.1.1.3, பெரியவர்களுடையதற்கு குவாட்9 என்பது என் யோசனை.

இனிச் செய்முறை. 2018-க்குப் பிறகு வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், செட்டிங்ஸ் திறந்து (மலாயில் வைத்திருப்பவர்களுக்குத் தெத்தாப்பான்) மேலேயுள்ள தேடும் கட்டத்தில் டிஎன்எஸ் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடம் வரும். அங்கே எண்ணைப் போட்டால் ஏற்காது, பெயரைத்தான் எழுத வேண்டும். குவாட்9-க்கு: டி, என், எஸ், ஒரு புள்ளி, கியூ, யூ, ஏ, டி, உடனே ஒட்டி 9, ஒரு புள்ளி, என், இ, டி. குடும்பக் கிராணிக்கு: எஃப், ஏ, எம், ஐ, எல், ஒய், புள்ளி, சி, எல், ஓ, யூ, டி, எஃப், எல், ஏ, ஆர், இ, நடுவே ஒரு சிறு கோடு, டி, என், எஸ், புள்ளி, சி, ஓ, எம். எல்லாம் சிறிய எழுத்து, நடுவில் இடம் விடக்கூடாது. ஓர் எழுத்து பிசகினாலும் இணையம் மொத்தமாக நின்றுவிடும். பயப்பட வேண்டாம், திருத்தினால் வந்துவிடும். கடை, ஹோட்டல் வைஃபையில் நுழைவுப் பக்கம் வராமல் நின்றால், சற்று நேரம் ஆட்டோமேட்டிக் என்று மாற்றிவிட்டுப் பிறகு திரும்பப் போடுங்கள். ஐபோனில் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாக எண்ணைப் போடலாம், ஆனால் அது சிம் கார்டு இணையத்துக்குச் செல்லாது.

2024 செப்டம்பரில் இந்த விஷயம் பத்திரிகையில் அடிபட்டது சிலருக்கு நினைவிருக்கும். வெளிக் கிராணிகளிடம் போகும் கேள்விகளைத் தங்கள் கிராணியிடமே திருப்பிவிடும்படி, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் தொலைபேசிக் கம்பெனிகளைப் பணித்தது. எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களிலேயே அமைச்சர் ஃபஹ்மி ஃபட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது சகோதரியின் சம்பளப் பணத்துக்கு வருவோம். கிராணி காப்பது ஒரு பக்கத்தைத்தான். "சும்பாங்கான் துனாய் ரஹ்மா உதவித்தொகைக்கு இங்கே பதியுங்கள்" என்று போலி இணைப்பு வந்து, அவசரத்தில் நாம் தொட்டுவிட்டால், அந்தப் பெயர் பட்டியலில் இருக்குமானால் கதவு திறக்காது. இன்று காலையில் பிறந்த போலிப் பெயர் பட்டியலில் ஏறியிருக்காது. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே ஃபைல் நேராக நம் கைக்கே வருவதால், கிராணியைக் கேட்கும் வேலையே அதற்கு இல்லை. கல்யாணப் பத்திரிகை படமாக வரும், "இன்ஸ்டால் செய்யவா?" என்று கேட்காது. கேட்டால் அழித்துவிடுங்கள், அனுப்பியவர் சொந்த மாமாவாக இருந்தாலும் சரி. அவருடைய கைப்பேசி அவர் கையில் இல்லாமல் போயிருக்கலாம். "நான் போலீஸ் பேசுகிறேன், டேக் நம்பர் சொல்லு" என்பவனையும் எந்தக் கிராணியும் தடுக்க முடியாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே பேங்குக்கும் 997-க்கும் அழையுங்கள். சிங்கப்பூர் வாசகர்களுக்கு 1799. இந்த எண்களை எழுதி, சுவாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கைப்பேசியே மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் கைப்பேசிக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது.

குவாட்9 போட்டவர்கள் சரிபார்க்க ஒரு பக்கம் உண்டு: ஓ, என், புள்ளி, குவாட்9, புள்ளி, நெட். திறந்தால் எஸ் அல்லது நோ என்று பெரிதாகக் காட்டும். நோ வந்தால் எழுத்தைச் சரிபாருங்கள். சகோதரியின் மகன் மூன்று கைப்பேசிகளையும் ஒரே மாலையில் முடித்துவிடுவான்; அப்படியே பக்கத்து வீட்டுப் பாட்டியின் கைப்பேசியையும் பார்க்கச் சொல்லுங்கள். பென்ஷன் பணம் அதில்தான் வருகின்றதாம்.